மொட்டை மாடியில் ஒன்று புள்ளி எட்டு

மோகனா: எங்கடா இருக்க?

வசந்த்: கம்பெனி மொட்ட மாடில. தண்ணி டேங்க் நிழல்ல படுத்திருக்கேன். யாரோ வானத்துல ஆட்டுத்தோல் காயப் போட்டிருக்காங்க மோகனா… ஓரமெல்லாம் சுருண்டு…

மோகனா: அது மேகம். உன் கீட்டோன் ஒண்ணு புள்ளி நாலு காட்டுது, புள்ளி ஆறத் தாண்டக் கூடாதுன்னாங்க, பாத்தியா?

வசந்த்: உன் போன்லயா?

மோகனா: பின்ன, சூப்பர்வைசர் போன்லயா? கைல அந்தப் புது சென்சார ஒட்டும்போதே ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க? ஆராய்ச்சி முடியற வரைக்கும் யாராச்சும் ஒருத்தர் கூடவே நம்பரப் பாத்துக்கினு இருக்கணும்னாங்க. ஃபார்ம்ல என் பேரப் போட்டது யாரு?

வசந்த்: டீ டைம்ல நீதான் சும்மா நின்னுக்கினு இருந்த. நீயும் கையெழுத்து போட்ட.

மோகனா: ‘உறவு’ன்னு ஒரு கட்டம் இருந்துச்சே. அதுல இன்னா எழுதின?

வசந்த்: …கூட வேலை செய்றவங்கன்னு.

மோகனா: சரி. சாப்டியா?

வசந்த்: பசிக்கல. சுகர் நூத்தி எண்பதுதான? இடுப்புல பம்பு இருக்குது, தானா பாத்து தானா இன்சுலின் உடுது. என்ன விட அதுக்குப் படிப்பு ஜாஸ்தி.

மோகனா: அப்பறம் கீட்டோன் ஏன் ஏறுது? இன்சுலின் கிடைக்காம உடம்பு கொழுப்ப எரிச்சாதான் ஏறும்னாங்க.

வசந்த்: பம்பு குடுத்துட்டேன்னு சொல்லுதே.

மோகனா: உடம்பு வாங்கலன்னு சொல்லுது.

வசந்த்: ரெண்டும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். நான் தூங்கறேன்… மேகத்துக்கு வாலு மொளைக்குது…

மோகனா: தூங்காத. வாய்ல ஏதாச்சும் வாசன வருதா?

வசந்த்: தின்னர் வாசன. ஷூவுக்கு சோல் ஒட்ற செக்சன்ல மூணு வருசமா எனக்கு எல்லாமே தின்னர்தான். மல்லிப்பூ கூட.

மோகனா: கீட்டோன் ஏறினாலும் கிட்டத்தட்ட அதே வாசனதான்னு நர்ஸ் சொன்னாங்க.

வசந்த்: அப்போ எங்க செக்சன்ல எல்லாருக்கும் கீட்டோன்.

மோகனா: ஒண்ணு புள்ளி ஆறு. வயித்துல அந்த பம்பு ஊசி சரியா ஒட்டியிருக்கா, பாரு.

வசந்த்: சூப்பரா ஒட்டியிருக்கு. எங்கியும் போவாது.

மோகனா: எப்படி அவ்ளோ உறுதியா சொல்ற?

வசந்த்: வேர்வைல பிளாஸ்டர் கெளம்பிக்கினே இருந்துச்சி… அதான்…

மோகனா: அதான்?

வசந்த்: சுத்தி கொஞ்சம் சொலூசன் தடவினேன்.

மோகனா: ஷூ சோலுக்குத் தடவறதா?

வசந்த்: எக்ஸ்போர்ட் குவாலிட்டி. ஜெர்மன்காரன் ரெண்டு வருசம் நடந்தாலும் பிரியாது.

மோகனா: தடவிட்டு சுத்தியல்ல தட்டினியா?

வசந்த்: சே. கட்ட விரல்ல அழுத்தினேன். ஒரு பழக்கம்.

மோகனா: அழுத்தினதுல ஊசி வெளில வந்திருக்கும். பிளாஸ்டர் மட்டும் கெட்டியா நிக்குது. அடியில ஈரமா இருக்கா?

வசந்த்: …ஜில்லுனு இருக்கு. காத்துன்னு நெனச்சேன்.

மோகனா: காலைலேர்ந்து உன் இன்சுலின பனியன் குடிச்சிருக்கு.

வசந்த்: அதான் பனியன் நல்லா இருக்கு, நான்தான்… மோகனா, எழுந்தா மாடி படகு மாதிரி ஆடுது.

மோகனா: எழுந்துக்காத. படி ஏறிக்கினு இருக்கேன். இன்சுலின் பேனா ஊசி, பம்புக்குப் புது செட்டு, தண்ணி பாட்டில் எல்லாம் கைல இருக்கு. நர்ஸ் கிட்ட கேட்டு ஊசி போட்டுடலாம். வரச் சொன்னா ஆட்டோ.

வசந்த்: என் செட்டு உன் கிட்ட எப்படி?

மோகனா: கூட வேலை செய்றவங்க எல்லாம் பைல ஒண்ணு வெச்சிருப்பாங்க.

வசந்த்: நர்ஸுக்கு மட்டும் சொல்லாத. சொலூசன் மேட்டர் தெரிஞ்சா ஆராய்ச்சிலேர்ந்து தூக்கிடுவாங்க.

மோகனா: தூக்கட்டுமே. உசுர விட அது பெருசா?

வசந்த்: தூக்கிட்டா… உன் போன்ல என் நம்பர் வராது.

மோகனா: ஒண்ணு புள்ளி எட்டு. இன்னும் ஒரு மாடிதான். கண்ணத் தொறந்து வை. நர்ஸுக்கு அப்பவே போன் பண்ணிட்டேன், இன்னொரு லைன்ல இருக்காங்க. ‘நீங்க யாரு’ன்னு கேட்டாங்க.

வசந்த்: நீ… இன்னா சொன்ன?

மோகனா: ஃபார்ம்ல இருக்கறதத்தான். ‘மனைவி’ன்னு.

வசந்த்: …நீ படிக்காமதான் கையெழுத்து போட்டேன்னு நெனச்சேன்.

மோகனா: டீ டைம் பத்து நிமிசம். கையெழுத்துக்கு ஒரு நிமிசம். மீதி ஒம்போது நிமிசமும் அந்தக் கட்டத்தையேதான் பாத்துக்கினு இருந்தேன். சட்டையத் தூக்கு.