ஹாலிஎல ரோட்டில நின்ன மருத்துவிச்சி

பொழுது சாயிற நேரம். மஹ்ரிப் பாங்குக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. பதுளையிலேந்து ஹாலிஎலக்கு ஏறுற ரோடு... அப்ப ரயிலும் வரல்ல, லைட்டும் வரல்ல. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஆத்துச் சத்தம். பனி இறங்கிட்டுது. அதுல ஒத்தையா ஒரு மனுஷன், ஓட்டமும் நடையுமா போறாரு.

பேரு காமில். இந்தா சுவரோட ஒட்டிக்கிட்டு இருக்கானே பலீல், இவனோட உம்மாவுக்கு மாமா முறை. சிரிக்காத பலீல், உன் வீட்டுக் கதைதான். மெட்ராசில படிச்சு, கொழும்புல காலேஜில வரலாறு படிப்பிச்சவரு. ராசா ராணி வரலாறு இல்ல. டவுனுங்க எப்படி உண்டாச்சு, எந்தத் தெரு எதுக்கு வந்திச்சு... அதுதான் அவருக்குப் பைத்தியம். காலிக்கு எழுதினாரு, கண்டிக்கு எழுதினாரு. பொறந்த ஊரு பதுளைக்கு மட்டும் எழுதவே இல்ல. ஏன்னு கேட்டா எழும்பிப் போயிருவாரு.

அவருக்கு ஒரு வழக்கம். வயசானவங்களைக் கண்டா முதல்ல வயசக் கேப்பாரு. வயசு தெரிஞ்சாத்தான் கண்ணால கண்டதா, காதால கேட்டதான்னு பிரிக்கலாமாம். அப்புறம் தெருவில நிப்பாட்டி, "இதுல முந்தி என்ன இருந்திச்சு? அதுக்கும் முந்தி?"ன்னு, "தெரியாது"ன்னு அவங்க வாயால சொல்ற வரைக்கும் விடமாட்டாரு.

ஆயிரத்தித் தொளாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு வாக்கில, லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாரு. அன்னைக்குப் பொஞ்சாதி ஸைனபுக்கு வலி கண்டிருச்சு. தலைப்பிள்ளை. ஹாலிஎல மருத்துவிச்சி ஸவாஹிராவைக் கூட்டிவரப் போன வண்டியைக் காணல்ல. ஸைனபுக்கு ஏதும் ஆகிட்டா...? மனுஷன் இருப்புக்கொள்ளாம தானே எதிர்க்க நடந்துட்டாரு.

மேட்டடியில ஒரு பொம்பள நிக்குது. முக்காடு. கையில ஒரு மூட்டை. ஈரமண் வாடை. ஸவாஹிராவை இவரு முன்னப்பின்னப் பாத்ததில்ல.

"பேறு பாக்க வந்தவங்களா?"

"அதுக்குத்தான் நிக்கிறேன்."

"அல்லாவே, வாங்க வாங்க! வண்டி எங்க?"

"நடப்போம்"ன்னிச்சாம்.

நடந்தாங்க. இவரு வாய் சும்மா இருக்குமா? நடந்துகிட்டேதானே, நேரம் வீணாகாதுன்னு மனசுக்கு ஒரு சமாதானம். ரோட்டோரம் வேலியடைச்ச ஒரு வெறும் வளவைக் காட்டி, இதுல முந்தி என்னன்னு கேட்டாரு. "வண்டிமாட்டுப் பட்டி"ன்னிச்சு. வெறும் வளவு... ஆனா உள்ளேந்து சலங்கை. கிலுங்... கிலுங். "அதுக்கும் முந்தி?" "கோப்பி ஸ்டோரு." பச்சைக் கோப்பிக்கொட்டை மணம் குப்புன்னு அடிச்சிச்சு. ஊர்ல கோப்பித் தோட்டமெல்லாம் செத்து முப்பது வருஷத்துக்கு மேல! பயம் வரணுமா இல்லையா? இந்த மனுஷனுக்குச் சந்தோஷம் வந்திச்சு, பாருங்க.

"அதுக்கும் முந்தி?"

"கடல் தாண்டி வந்து, நடந்தே மலையேறின கூலி ஆளுங்க. பேதி வந்து இந்த மேட்டடியில விழுந்தாங்க. ஒருத்திக்கு வலி கண்டிருந்திச்சு. கங்காணி நிக்க விடல்ல."

"அந்தப் புள்ள?"

அதோட நடை வேகமாச்சு.

"அதுக்கும்... முந்தி?"

"வயலு. சண்டையில வெள்ளைக்காரன் எரிச்சான். சாம்பல் என் காலெல்லாம் ஒட்டிச்சு."

வீட்டு வாசல் வந்திருச்சு. உள்ள ஸைனப் கத்துறா. இவரு அறைக் கதவைத் திறந்து, "உள்ள போங்க மாமி, உங்களை நம்பித்தான் இருக்கோம்"ன்னாரு. அது போச்சு. கதவு சாத்திச்சு. நாதாங்கி விழுந்த சத்தம்... டக். குசினியில சுடுதண்ணி வச்சுக்கிட்டிருந்த மச்சினி நளீரா ஓடிவந்து தட்டினா. திறக்கல்ல.

அப்பதான் நினைவு வந்திச்சு. வயசக் கேக்கல்ல! அந்த வயலை வெள்ளைக்காரன் எரிச்சது ஊவாக் கலகத்தில... நூறு வருஷத்துக்கு முந்தி. கண்டதா கேட்டதான்னு பிரிக்கிறவரு, "என் காலெல்லாம்"ன்னு சொன்னதைக் காதில வாங்காம வந்துட்டாரு. "ஸைனப்! ஸைனப்!"ன்னு கதவை இடிக்கிறாரு. உள்ள கத்தின சத்தம் நின்னு போச்சு.

ரோட்டில வண்டி வந்து நின்னிச்சு. ஒரு மனுஷி இறங்கி ஓடி வர்றா. "கோவிச்சுக்காதீங்க மாஸ்டர், கடையாணி கழண்டு வழியில நின்னுட்டோம். நான்தான் ஸவாஹிரா."

மூணு பேருமாத் தள்ளினாங்க. நாதாங்கி தானாக் கழண்ட மாதிரி கதவு திறந்திச்சு. உள்ள ஸைனப் மட்டும். மயங்கித் தூங்குறா, மூச்சு சீரா இருக்கு. பக்கத்தில ஒரு ஆம்பிளப் புள்ள... குளிப்பாட்டி, துணி சுத்தி, அழகா. யன்னல் திறந்து கிடக்கு. புள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அல்ஹம்துலில்லாஹ்ன்னு தேம்பித் தேம்பி அழுதாரு. பயந்ததெல்லாம் வீணுன்னு நினைச்சாரு, பாவம்.

ஸவாஹிரா விளக்கை எடுத்துக்கிட்டுப் போயி, கட்டிலடியில இருந்த சட்டியைப் பாத்தா. நச்சுக்கொடி. குனிஞ்சு இன்னொரு தரம் பாத்தா... எழும்பினா. ஸைனபோட வயித்தைத் தடவிப் பாத்தா, உள்ள ஒண்ணும் இல்ல. பொறகு காமில் பக்கம் திரும்பினா.

"ரெண்டு கொடி இருக்கு மாஸ்டர்... மத்தப் புள்ள எங்க?"