கிளியம்மாள் பூ வைத்த மேடு

அறுபது பேருக்குச் சோறு வடிப்பது சுலபம். ஒருவனுக்கு வடிப்பதுதான் கஷ்டம், அளவு பிடிபடாது. பொங்கல் விடுமுறைக்குத் தாயோ மாமனோ வந்து பையன்களைக் கூட்டிப் போய்விடுவார்கள். பென்னலூர் ஏரிக்காற்று காலி அறைகளில் புகுந்து கதவுகளை அடித்துக்கொண்டிருக்கும். வார்டனான எனக்குப் போக வீடு கிடையாது.

வெள்ளிவிழா மலருக்காக விடுதியின் கதையைக் கேட்க வந்தீர்கள். நம் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் ரகுபதி எப்படி இங்கே வந்தான் என்றும் கேட்டீர்கள். அதனால் சொல்கிறேன்.

விடுதி தொடங்கிய புதிதில் கிளியம்மாள் என்ற விதவை அவனை விட்டுப் போனாள். அவளுக்குக் காசநோய். பையனுக்கு மூன்று வயது, பெயர் சின்னப்பையன். ரகுபதி என்று மாற்றியது நான்தான். பொங்கலுக்குப் பொங்கல் நாங்கள் இருவர் மட்டும் இருப்போம். நான் பானையைக் கிண்டுவேன்; அவன் கரும்பைக் கடித்துக்கொண்டு ஓயாமல் பேசுவான்.

அவனுக்கு ஒன்பது வயதான பொங்கலன்று அவள் குணமாகி வந்து நின்றாள். பையன் ஏரியில் குளித்துக்கொண்டிருந்தான்.

"எம்புள்ளய இட்டுகினு போவ வந்தேன் சார்."

உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். பையன் அம்மை கண்டு போய்விட்டான் என்றேன். அவள் அழவில்லை. எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. புளியமரத்தடியில் கன்றுக்குட்டியைப் புதைத்த மேடு இருந்தது. அதைக் காட்டினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் சுங்குவார்சத்திரத்திலிருந்து நடந்தே வருவாள். மேட்டில் பூ வைத்துவிட்டு வெயில் சாயும்வரை உட்கார்ந்திருப்பாள். யார் என்று ரகுபதி கேட்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்றேன். இரக்கப்பட்டு அவனே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பான். ஒருமுறை அவனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாளாம்:

"எம்புள்ள இருந்தா உன் ஒசரம் இருப்பான்பா."

அன்று அவன் சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

இந்தப் பொங்கலன்று அந்த மேட்டருகிலேயே அவள் உயிர் போய்விட்டது. தேடி வர ஆள் இல்லை. நீயே கொள்ளி வை என்று ரகுபதியிடம் சொன்னேன். வைத்தான். மகன் கையால் கொள்ளி கிடைக்கவேண்டும் என்றுதானே எந்தத் தாயும் ஆசைப்படுவாள். அந்தக் குறையை நான் வைக்கவில்லை.

மலரில் இதையெல்லாம் போடவேண்டாம். ரகுபதி மனசு தாங்காது. பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்.