அங்காயி தின்ன கீரை

ரொம்பக் காலத்துக்கு முந்தி. அப்ப இந்த ரோடு கிடையாது, கரண்டு கிடையாது. மேற்க கணவாய் தெரியுதுல்ல, அதுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லுக்குழி இருந்துச்சாம். சுத்தியும் மலை. போக வர ஒரே சந்து. பஞ்சத்துல வேலை தேடிப் போன நம்ம சனம் உள்ள நுழைஞ்சதும், குழியை நடத்துன மேஸ்திரி அந்தச் சந்துல முள்ளுப்படலை இழுத்துச் சாத்திட்டானாம். போனவங்க போனவங்கதான்.

அங்கதான் அங்காயி இருந்தா. புருசன் சடையன். கூட மாமனார் ஒச்சான். பொழுதுக்கும் கல்லு உடைக்கணும், கஞ்சி மேஸ்திரி ஊத்துவான். என்ன கஞ்சி? தீட்டித் தீட்டி வெளுத்துப்போன நொய்யி, அதுல கொஞ்சம் உப்பு. காலையிலயும் அதான், ராத்திரிக்கும் அதான். காய் கிடையாது, கீரை கிடையாது.

அதையே குடிச்சுக் குடிச்சு என்னாச்சு? பொழுது இறங்கினா யாருக்கும் கண்ணு தெரியலயாம். மாலைக்கண்ணு. பகல்ல பாறையைப் பொளந்தவன் அந்தியில சுவத்தைத் தடவுறான். மேஸ்திரிக்கு அது தோதாப் போச்சு. பொழுது சாஞ்சதும் காவக்காரனுங்க படலை விட்டுட்டு சாராயம் குடிக்கப் போயிருவானுங்களாம். குருட்டுச் சனம் எங்க போயிரும்னு நெனப்பு.

அங்காயி அப்ப மாசமா இருந்தா. எல்லாருக்கும் முந்தி அவளுக்குத்தான் கண்ணு மங்குச்சு. வெளிச்சம் குறையக் குறைய, மலையெல்லாம் நகந்து வந்து நெஞ்சுமேல உக்கார்ற மாதிரி இருக்குமாம்.

"இந்தப் பிள்ளையும் இந்தக் குழிக்குள்ளதான் விழணுமா?"ன்னு புருசனைக் கேப்பாளாம்.

குழியில ஊத்துத்தண்ணி வடியிற ஓரமா பொன்னாங்கண்ணி மண்டிக் கிடந்துச்சு. மேஸ்திரியோட ஆடுங்க மேயும். அங்காயிக்கு மசக்கை. அந்தப் பச்சையைப் பாத்ததும் நாக்கு ஊறிப்போச்சு. ஒரு கை கிள்ளித் தின்னா. மறுநாளும் தின்னா. அதுக்கு மறுநாளும் தின்னா. அப்படியே தின்னுக்கிட்டு வந்தா.

ஒரு அந்தியில குடிசை வாசல்ல உக்காந்திருக்கா. எதிர்ல சடையன் மொகம் தெரியுது. அவன் மீசை தெரியுது. தூரத்துல ஆளில்லாத படல் தெரியுது.

"சத்தம் போடாத. எனக்குக் கண்ணு தெரியுது"ன்னா.

"என்ன பண்ணுன?"

"கீரை தின்னேன். வேற ஒண்ணும் பண்ணல."

அந்தச் சேதி காதுகாதா நகந்துச்சு. மடியில ஒளிச்சுக் கொண்டாந்து கஞ்சியில போட்டுக் குடிச்சாங்களாம். ஒவ்வொருத்தருக்கா பார்வை திரும்புச்சு. ஆனா அந்தியில எல்லாரும் குருடாவே நடிச்சாங்க. ஒச்சானுக்கு மட்டும் திரும்பல. வயசான கண்ணு.

ஊத்தோரம் மொட்டையாக் கிடக்கிறதை மேஸ்திரி பாத்துட்டான். இவங்களுக்குக் கண்ணு தெரியுதோன்னு அவனுக்குச் சந்தேகம். அன்னைக்கு அந்தியில, அங்காயி தண்ணிப்பானையோட வர்ற வழியில தடியைக் குறுக்க நீட்டிக்கிட்டு மூச்சு விடாம நின்னானாம். அவளுக்குத் தடி தெரியுது. அது வயித்துக்கு நேரா நிக்கிறதும் தெரியுது. ஒதுங்கினா எல்லாரும் மாட்டிக்குவாங்க. நேராப் போனா பிள்ளை.

கால் தடுக்கின மாதிரி முன்னாடி சாஞ்சா. தடி நெத்தியில பட்டுச்சு. பானை ஒடஞ்சு, ரத்தம் வழியுது. தரையைத் தடவிக்கிட்டே, "யாரு சாமி கல்லைப் போட்டது?"ன்னா. மேஸ்திரி சிரிச்சுட்டுப் போயிட்டான்.

"இன்னிக்கே கெளம்பணும்"னா அங்காயி.

ஒச்சான் வரமாட்டேன்னுட்டாரு. "ஆளு இருக்குன்னு அவனுங்க நெனைக்க, குடிசையில ஒருத்தன் குரலாவது கேக்கணும் தாயி. நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீங்க போங்க."

"உங்களை விட்டுட்டா மாமா?"

"பிள்ளையை வெளிய கொண்டு போ."

காவக்காரனுங்க போனதும் சனம் படலைத் தூக்கி ஒதுக்கிட்டு நடந்துச்சு. அவங்க முதுகுக்குப் பின்னாடி அந்தக் கெழவர் குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். 'சடையா, கஞ்சி குடிச்சியா? அங்காயி, படுத்துட்டியா?'ன்னு. கணவாய் தாண்டுற வரைக்கும் கேட்டுச்சாம். அவரு என்ன ஆனாருன்னு யாருக்கும் தெரியாது.

இறங்கி வந்து, நடக்கமுடியாம அங்காயி உக்காந்த எடம்தான் இது. இங்கதான் பொண்ணு பொறந்துச்சு. அதான் நம்ம ஊருக்கு அங்காயிபட்டின்னு பேரு.

இன்னைக்கும் நம்மூர்ல ஒருத்தி மாசமா இருந்தா, புருசன் பொன்னாங்கண்ணி பறிச்சுட்டு வரணும். மாமனார் கையால பரிமாறணும். அந்தி நேரத்துல, விளக்கு வைக்காம, மேற்க பாத்து உக்காந்து அவ திங்கணும். தின்னு முடிச்சதும் மாமனார் கேப்பாரு, "என்ன தாயி தெரியுது?"ன்னு.

"வழி தெரியுது மாமா"ன்னு சொன்ன பெறகுதான் வீட்டுல விளக்கு ஏத்துவாங்க.