பெண்ணைக் கொடுத்தேன், ஊரைக் கொடுக்கவில்லை

பிறந்த ஊரில் பி.எட். படிக்க மனுப்போடப் போன ஒரு பெண்ணிடம், "நீ இந்த ஊர்க்காரி இல்லை. புருஷன் உன்னைக் கைவிட்டுவிட்டான் என்று எழுதிக்கொண்டு வா, ஊர்க்காரி ஆகிவிடுவாய்" என்று சொன்னார்கள். அந்தப் பெண் என் மகள். சொன்னவர்கள் இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.

நடந்த அநியாயத்தை முதலில் வைத்துவிட்டேன். இனி முறைப்படி வணங்குகிறேன்.

இந்தப் புதுவை உப்பளம் தெருவாசிகள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, நான் எழுந்ததுமே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜானகிராமன் அய்யா அவர்களே! ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, ஆலைச் சங்கு ஊதினால் உண்டு, இன்று சங்கும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் என் எதிரே அமர்ந்திருக்கும் பழைய தோழர்களே! மடியில் தூங்கும் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு இந்த ஒலிபெருக்கியைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! பெண்ணைப் பெற்றவர்களே, பெண்ணைக் கொடுத்தவர்களே, பெண்ணை எடுத்தவர்களே! கடைசி வரிசையில் நின்றுகொண்டு, "பெருசு எப்பப்பா முடிக்கும்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் இளங்காளைகளே! இப்போதைக்கு முடிக்காது. உங்கள் அனைவருக்கும் இந்த ஆதிமூலத்தின் வணக்கம்.

கல்வியின் மேன்மை என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதன் மேன்மை எனக்குத் தெரியும். பசித்தவனுக்குத் தெரியாத சோற்றின் மேன்மையா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. நான் அதை விடவில்லை. ஆலை வாசகசாலையில், முதல் ஷிப்டு முடிந்த கையோடு, பஞ்சு ஒட்டிய விரலை வைத்து எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். எனக்கு வாத்தியார் கிடையாது. இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் உண்டே, அது இந்த வயதிலும் ஆறவில்லை. அதனால்தானோ என்னவோ, என் மகள் சரிதா கணக்கில் பட்டம் வாங்கிய அன்று, "என்னம்மா வேணும்?" என்று கேட்டபோது, "பி.எட். அப்ளிகேசன் வாங்கியாந்து குடுங்கப்பா" என்று அவள் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

விண்ணப்பத்துக்கு முன்னால் வரன் வந்துவிட்டது. நல்ல பையன். கலைவாணன் என்று பெயர். இங்கே நம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை. "கல்யாணத்துக்கு அப்பறம் நான் படிக்க வெக்கிறேன் மாமா" என்றான். சொன்னபடி நிற்கிற பிள்ளை. ஒரு குறை சொல்லமாட்டேன். வீடு மட்டும் முள்ளோடை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம்.

அய்யா, நம் ஊர் எல்லை எப்படிப்பட்டது? நாட்டுக்கு நாடு எல்லையில் மலை இருக்கும், ஆறு இருக்கும், கடல் இருக்கும். நமக்கு என்ன இருக்கிறது? ஒரு வாய்க்கால் இருக்கிறது. சில இடத்தில் அதுவும் இல்லை. இந்தத் தோப்பு புதுவை, அடுத்த தோப்பு தமிழ்நாடு, அதற்கும் அப்பால் மறுபடியும் புதுவை. பஸ்ஸில் கொஞ்சம் கண்ணசந்தால் இரண்டு அரசாங்கம் மாறிவிடும். அங்கிருந்து இங்கே பெண் எடுக்கிறோம், இங்கிருந்து அங்கே கொடுக்கிறோம். தினமும் சாயங்காலம் அங்கிருந்து எத்தனை பேர் தாகத்தோடு நம் பக்கம் வருகிறார்கள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவர்களில் யாரிடமாவது குடியிருப்புச் சான்றிதழ் கேட்டதுண்டா? நம் தெருப் பையன்கள் திருப்பூருக்குப் போய் வருடக்கணக்கில் பனியன் தைத்துவிட்டு வருகிறார்கள். ஊர்க்காரன் இல்லை என்று யாராவது சொன்னதுண்டா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம் சொல்தா குடும்பங்கள், பாரிசில் பாதி நாளும் பாண்டியில் பாதி நாளும் இருக்கிறார்கள். நம்மவர்கள்தான், நான் மறுக்கவில்லை. கடல் தாண்டியவர் நம்மவர் என்றால், வாய்க்கால் தாண்டியவள் மட்டும் எப்படி அயலாள் ஆனாள்?

நடந்ததைக் கேளுங்கள். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நான் ஆளைப் பழிக்க வரவில்லை. பிள்ளை பிறந்து, நடக்கத் தொடங்கியதும், போன வருடம் மருமகனே விண்ணப்பம் வாங்கி வந்தான். குடியிருப்புச் சான்றிதழ் வைக்க வேண்டும். நானும் மகளும் போனோம்.

"கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சு சார்."

"வூட்டுக்காரரு எந்த ஊரு?"

சொன்னாள்.

"அப்ப நீ அந்தப் பக்கம்மா. இங்க ஏன் வந்த?"

"பொறந்தது இங்கதான் சார். மேரி ஆபீசுல பொறப்பு பதிஞ்சிருக்குது. ஒண்ணாங்கிளாசுலேர்ந்து காலேஜ் வரிக்கும் இங்கதான் படிச்சேன்."

"பொறக்கறது எல்லாருந்தாம்மா எங்கியாவது பொறக்கறாங்க. இப்ப எங்க கீற, அதச் சொல்லு."

சரி, அந்தப் பக்கம் போனோம். அங்கே இருந்தவர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "படிச்சதெல்லாம் பாண்டியில. வாக்கப்பட்டு வந்தது நேத்து. சீட்டு மட்டும் எங்க புள்ளைங்க சீட்டா?" என்றார். பணம் கட்டினால் எல்லை கேட்காத கல்லூரிகள் உண்டு. அந்தப் பணம் ஆலை ஓடிய காலத்திலேயே என்னிடம் இருந்ததில்லை.

மறுபடி இங்கே வந்தோம். இரண்டு படகில் கால் வைத்தவன் கதை கேட்டிருப்பீர்கள். இரண்டு படகும் ஏற்றிக்கொள்ளாமல் தண்ணீரில் நின்றவள் கதை இது. அப்போதுதான் முதலில் கேள்வி கேட்ட அந்த எழுத்தர், நல்ல மனிதர்தான், எனக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பெரியவரே, ஒங்களப் பாத்தா பாவமா இருக்குது. ஒரு வழி சொல்றேன். புருசன் வச்சிக்கல, பொண்ணு எங்கிட்டதான் இருக்குதுன்னு அப்பன் நீங்க கையெழுத்துப் போட்டு ஒரு கடுதாசி குடுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

மகள் வீட்டுக்குப் போனோம். மருமகன் விவரம் எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு, "போட்டுடுங்க மாமா, பேப்பர்லதானே" என்றான். அவன் தாயார் கன்னியம்மாள், என் சம்பந்தி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"ஏங்க சம்மந்தி, எம் மருமவ டீச்சராவறதுக்கு எம் மவன் ஓடிப்போனவன் ஆவணுமா? ஓடிப்போனவன் ராத்திரி வந்து சோறு கேட்டா நான் போடறதா, வேணாமா?"

எல்லோரும் சிரித்தோம். சரிதா சிரிக்கவில்லை. வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தாள். "போடுங்கப்பா. எனக்கு ஒண்ணும் கொறஞ்சி பூடாது" என்றாள்.

நான் போடவில்லை.

கடைசித் தேதி போயிற்று. அன்றைக்கு என் மகள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இது: "ஒங்க நியாயத்த வச்சிக்கினு நான் எந்தக் கிளாசுல போயி நிக்கறதுப்பா?"

அவள் அம்மாவிடம் பேசுகிறாள், ஊருக்கெல்லாம் பேசுகிறாள். என்னோடு பேச்சில்லை.

தலைவர் அய்யா ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார். "நேரம்" என்று எழுதியிருக்கிறார். அய்யா, நேரம் போய்க்கொண்டிருப்பது என் மகளுக்கு. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, உட்காருங்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்லுகிறேன். கடலூர் பஸ். சரிதா முன் சீட்டில். நான் பின்னால். அப்பனும் மகளும் ஒரே பஸ்ஸில், ஒரே ஊருக்கு, இரண்டு டிக்கெட் தனித்தனியாக. தவளக்குப்பத்தில் பயிற்சிக் கல்லூரிப் பெண்கள் ஏறினார்கள். ஒரே நிறச் சேலை, தோளில் பை, கையில் சுருட்டிய சார்ட்டு. பள்ளிக்கூடங்களுக்குப் பாடம் நடத்திப் பழகப் போய் வருகிறவர்கள். நம் ஊர் பஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நிற்கிறவள் சுமையை உட்கார்ந்திருப்பவள் வாங்கிக்கொள்ள வேண்டும். அது சட்டத்தில் இல்லை. எவரும் மீறுவதும் இல்லை.

"அக்கா, இத்தக் கொஞ்சம் வச்சிக்கிறீங்களா?"

"குடும்மா. எந்தக் கிளாசுக்கு?"

"எட்டாவதுக்கா. நாளைக்கி எங்க சார் வந்து பின்னால ஒக்காந்து பாப்பாரு. நெனச்சாலே கை நடுங்குது."

"நடுங்காத. உள்ள போனதும் ஒரு புள்ளயப் பேரு கேளு. பேரு கேட்டுட்டா கிளாசு ஒம் பக்கம் வந்துடும்."

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க டீச்சராக்கா?"

பஸ் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. என் மகள் அந்தச் சார்ட்டுச் சுருளைப் பச்சைக் குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இல்லம்மா. வச்சிக்கினு வரேன், அவ்ளோதான்."

அவ்வளவுதான்! தாய்மார்களே, அவ்வளவுதான் அவள் சொன்னது! அடுத்தவள் சார்ட்டை மடியில் வைத்துக்கொண்டு வருவதுதானா என் மகளுக்கு எழுதியது? கணக்குத் தெரியும், பிள்ளைகளைத் தெரியும், நடுங்கும் கையை நிறுத்தத் தெரியும். எது தெரியவில்லை? தன் ஊர் எது என்று அவளுக்குத் தெரியும். அலுவலகத்துக்குத்தான் தெரியவில்லை. அந்தப் பெண் இறங்கும்போது சுருளை வாங்கிக்கொண்டாள். வெறும் மடிமேல் மகளின் கைகள் பிடித்தபடியே இருந்தன. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. கம்பியைப் பிடித்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

யார் அது? எழுந்து நின்று சொல்லம்மா. "ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இந்நேரம் அது டீச்சராயிருக்கும். இது ஒங்க வீம்பு தாத்தா" என்கிறாயா?

வீம்புதான். கேள், ஏன் என்று சொல்லுகிறேன். நான் கையெழுத்துப் போட்டால் என் மகள் உள்ளே போயிருப்பாள். அடுத்த வருடம் நீ போவாய். அந்த நாற்காலி உன்னிடம் என்ன சொல்லும்? "போன வருசம் ஒருத்தி எழுதிக் குடுத்தா, நீயும் எழுதிக் குடு" என்று சொல்லும். அதற்கடுத்த வருடம் அதை வாயால் சொல்லவேண்டிய அவசியம்கூட இருக்காது. வாழாவெட்டி என்பது பி.எட். படிக்கத் தகுதி ஆகிவிடும்! கணவனோடு சேர்ந்து வாழ்வது குற்றம் ஆகிவிடும்! பொய்யை வாசலிலேயே வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பும் இடம் பயிற்சிக் கல்லூரியா? அந்தப் படியில் ஏறிப் போனவள், நாளை ஒரு பிள்ளையின் எதிரே நின்று எந்த வாயால் உண்மை பேசு என்பாள்?

பெண்ணைக் கொடுத்தேன். ஆமாம். நகை போட்டேன், பாத்திரம் வைத்தேன், பழம் வைத்தேன், பாக்கு வைத்தேன். எந்தத் தட்டில் அய்யா அவள் ஊரை வைத்தேன்? எந்தத் தாம்பாளத்தில் அவள் பள்ளிக்கூடத்தை வைத்துக் கொடுத்தேன்? போன வருடம் இந்த ஊருக்கே பெயரை மாற்றினார்கள். ஊரின் பெயர் மாறலாம். அதில் பிறந்தவள் எப்படி மாறுவாள்? தாலி கட்டிய நிமிடத்தில் ஆணுக்கு ஊர் இருக்கும், பெண்ணுக்கு ஊர் கழன்று விழும் என்றால், அதை நாதசுரக்காரரிடமாவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டாமா? இன்னும் கொஞ்சம் ஓங்கி ஊதி அழுதிருப்பாரே!

கை தட்டாதீர்கள். தட்டிய கை வீட்டுக்குப் போய்விடும். எனக்கு அந்தக் கை திங்கட்கிழமை வேண்டும். இந்த வருட விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இனி ஆக வேண்டியதைச் சொல்லுகிறேன்.

தலைவர் அய்யா, எல்லைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பிறந்து படித்த ஊரில் படிக்கும் உரிமை உண்டு என்று இந்த மேடையிலேயே தீர்மானம் எழுத வேண்டியது நீங்கள். தலைமையாசிரியர் எழுத்தாக இருக்கட்டும்; அடித்தல் திருத்தல் இருக்காது.

ஆலைத் தோழர்களே, திங்கட்கிழமை காலை அந்த அலுவலகத்துக்கு வர வேண்டியது நீங்கள். கோஷம் வேண்டாம். நமக்கு வரிசையில் நிற்கத் தெரியும். ஒவ்வொருவராக மேசைக்கு முன்னால் போய், "கட்டிக் கொடுத்த என் பெண் எந்த ஊர்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.

தாய்மார்களே, முள்ளோடைக்கு அப்பால் கொடுத்த மகள்களை அழைத்து வர வேண்டியது நீங்கள். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வரட்டும். அழுதால் அழட்டும்.

மருமகன் கலைவாணன் அன்று கம்பெனியில் விடுப்புப் போட வேண்டும். மனைவி பக்கத்தில் நிற்க வேண்டும். கைவிட்டவன் எப்படி இருப்பான் என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். சம்பந்தியம்மாவும் வர வேண்டும். அவர் கேட்ட கேள்வியை அங்கே கேட்டால் போதும்.

அந்த அலுவலகத்து அதிகாரி அவர்களே, விதியை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லையென்றால், இருப்பவருக்கு எழுத வேண்டியது நீங்கள். அந்தக் குறுக்கு வழியை இனி எந்தத் தகப்பனிடமும் சொல்லக்கூடாதவரும் நீங்கள்.

கையெழுத்துப் போடாமல் இருக்க வேண்டியது நான். இருப்பேன்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டவர்களுக்கும், உள்ளுக்குள் என்னைத் திட்டிக்கொண்டே கேட்டவர்களுக்கும், கடிகாரத்தை இன்னும் கையில் கட்டிக்கொள்ளாத தலைவருக்கும் என் நன்றி. எல்லோரையும் வணங்குகிறேன். இன்னும் ஒரு ஆளுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பந்தலுக்கு வரவில்லை. பிள்ளையோடு அம்மா வீட்டில் இருக்கிறது. ஒலிபெருக்கி அங்கே கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

சரிதா, விண்ணப்பம் எழுத வேண்டியது நீ. கணவர் பெயர் கேட்ட இடத்தில் கலைவாணன் என்று எழுது. பிறந்த ஊர் கேட்ட இடத்தில் நம் ஊரை எழுது. ஒன்றை அடித்தால்தான் மற்றது செல்லும் என்றால், பேனாவை மூடிவிட்டு, பேசு. என்னோடு பேச வேண்டாம் அம்மா. அந்த மேசைக்கு முன்னால் பேசு.