சட்டத்துக்காக வைத்த பீட்சா

புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப்பில் யாரும் பீட்சா சாப்பிட மாட்டார்கள், சார்ஜென்ட் மெரியானா. பொதுமக்களின் உயிரோடு விளையாடினேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மது விற்கும் இடத்தில் சாப்பாடும் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் எல்லாக் கிளப்பிலும் ஃப்ரீசரில் ஒரு பீட்சா கிடக்கும். நகர மன்றத்தின் மது உரிம ஆய்வாளர் என்ற முறையில் வருஷா வருஷம் போய் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

அதைக் கேட்டு வாங்கித் தின்ற ஒரே ஆள் டெஸ் ஹாலரன். ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருக்கு எல்லாமே கோணலாகத்தான் தெரியும்.

"எதுக்கு டெஸ் அந்தக் கருமத்தைக் கேக்குற? வீட்ல அடுப்பு எரியலையா?" என்பாள் பாரில் நிற்கும் நோலா.

"மெனுவுல இருக்குல்ல, கொண்டா. நடுவுல ஐஸ் இருந்துச்சுன்னா இந்த வருஷமும் ஆட்சேபணைதான்." பிறகு என் பக்கம் திரும்புவார். "என்ன கிரேம், நீதான கையெழுத்துப் போட்ட? ஒரு துண்டு கடிச்சுத்தான் பாரேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிளப்பின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஆட்சேபணை எழுதிக் கொடுக்க அவருக்குக் காசு செலவில்லை. ஆனால் வந்துவிட்டால் விசாரணை வைத்தாக வேண்டும். குழு உறுப்பினர்கள், வக்கீல், டீ, பிஸ்கட் எல்லாம் மன்றத்தின் செலவு. கிளப் கட்டுகிற உரிமக் கட்டணம் பிஸ்கட்டுக்கே பற்றாது. கட்டணத்தை ஏற்றலாம் என்று மேயரிடம் சொன்னேன்.

"பவுல்ஸ் ஆடுறவங்க ஒருத்தர் விடாம ஓட்டுப் போடுறாங்கப்பா," என்றார். "வீட்டு வரியையும் ஏத்த முடியாது. உன் பிரிவு செலவை நீயே ஈடுகட்டு. இல்லன்னா நீச்சல் குளத்தை மூடிருவேன்."

அந்தக் குளத்தில்தான் நான் தினமும் காலையில் நீந்துகிறேன். என் முழங்கால் வலி மறப்பது அந்தத் தண்ணீரில் மட்டும்தான்.

நிதானமாக யோசித்தேன். விற்பவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. செலவு வைப்பவரிடம் வசூலிக்கத்தான் வழி இல்லை. மன்றத்தின் முயல் ஒழிப்பு விஷக் கிடங்கின் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த வருஷம் ஆய்வுக்குப் போனபோது பீட்சாவை மாற்றி வைத்தேன். காலாவதித் தேதியையும் பார்த்துத்தான் வைத்தேன். அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை டெஸ் வழக்கம்போல் கேட்டிருக்கிறார். "பரவாயில்லையே நோலா, இந்தத் தடவை நடுவுலயும் வெந்திருக்கு," என்றாராம். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. மனிதர் குறை எதுவும் சொல்லாமல் போனார்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கிளப்பின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். அதற்கொரு விசாரணை. கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து இரண்டு வக்கீல்கள், ஃப்ரீசருக்கென்று தனியாக ஒரு நிபுணர். எல்லாம் மன்றத்தின் தலையில் விழுந்தது. இந்தத் திங்கட்கிழமை குளத்துத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

டெஸ்ஸைக் கொன்றது நான்தான். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குளம் மூடிய பழியை என்மேல் போடாதீர்கள், சார்ஜென்ட். கட்டணத்தை அப்போதே ஏற்றியிருந்தால் இவ்வளவு செலவு வந்திருக்காது.