பதினோராவது கட்டம்

டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வரும் சார், இந்த லைசென்ஸ் ஆபீசுக்குள்ள இருந்து. ரப்பர் ஸ்டாம்பு. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் காதுல இருக்கு. மரங்கொத்தி மாதிரி விடாம குத்திட்டே இருப்பார் அந்த கிளார்க். எதையும் படிச்சுப் பார்க்கிறதெல்லாம் கிடையாது. கட்டம் காலியா இருந்தா திருப்பி வீசுவார். நிரம்பியிருந்தா டொக்கு. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர், சத்தமே காணோம்.

இந்தம்மா எதுக்கு இப்ப இதைச் சொல்லுதுன்னு பார்க்கறீங்க. நீங்கதான் ஆரம்பிச்சு வெச்சீங்க. ஏதாவது ஒண்ணு போட்டுருங்கம்மான்னு சொன்னீங்களே, அதுல வந்த ஞாபகம்.

சேச்சே, கோபமெல்லாம் இல்லை. உக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, இப்படிச் சாஞ்சு உக்காந்தா ஆடாது. பேர் எழுதியாச்சு, அப்பா பேர் எழுதியாச்சு, விலாசம் ஆச்சு, ஃபோட்டோ ஒட்டியாச்சு. பதினோராவது கட்டம் ஒண்ணுதான் பாக்கி. ப்ளட் குரூப். உங்க நம்பர் வர இன்னும் இருபது பேர் தாண்டணும், நான் பார்த்துட்டுதான் இருக்கேன்.

அங்க அடையாளமா? போட்டுட்டேனே, வலது கைல மச்சம்னு. இல்லையா? எங்க, காட்டுங்க. இடது கைலயாவது? சரி விடுங்க, இருக்கட்டும். இந்த நடைபாதைல குடையைக் கட்டி மேஜை போட்டு எழுதற அத்தனை பேரும் அதைத்தான் எழுதறோம். ஊர்ல வண்டி ஓட்டற பாதி ஜனத்துக்கு வலது கைல மச்சம்னு கவர்மெண்ட் நம்பிட்டு இருக்கு. நம்பட்டுமே. மச்சத்தால யாருக்கு என்ன கெடுதல்.

ப்ளட் குரூப்பும் அப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு. தெரியலைன்னா ஓ பாசிட்டிவ். ஒரு நாள் அந்த கிளார்க் ஒரு கட்டு ஃபாரத்தை ஜன்னல் வழியா எங்க மேல விட்டெறிஞ்சார். ஏம்மா, ஊர்ல அத்தனை பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்களா, மேல கேட்டா நான் என்னத்தைச் சொல்றது, கொஞ்சம் மாத்தி மாத்திப் போடக் கூடாதான்னு கத்தினார். அன்னைலேருந்து மாத்திப் போட்டோம். நாலு பேருக்கு ஓ பாசிட்டிவ், அஞ்சாவது ஆளுக்கு பி, பத்தாவது ஆளுக்கு ஏதாவது ஒரு நெகட்டிவ். சீட்டு பிரிச்சுப் போடற மாதிரி. அதுல பெருமை வேற எங்களுக்கு, இப்பதான் பார்க்க நிஜமாட்டம் இருக்குன்னு. நான் காலேஜ்ல தாவரவியல் படிச்சவ சார். ஒரு இலைத் துணுக்கை மைக்ராஸ்கோப்ல வெச்சு நாள் பூரா பார்த்துட்டு இருந்தவ. எனக்குக்கூட ஒண்ணும் உறைக்கலை.

ஐம்பது வயசுக்கு மேல இதெல்லாம் எதுக்குன்னா கேக்கறீங்க? கேளுங்க, சொல்றேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு. முதல் பிரசவம், சின்ன ஆஸ்பத்திரி, ஒரு டாக்டரம்மா, ரெண்டு நர்ஸ். பொண்ணுக்கு நெகட்டிவ் ரத்தம். புருஷனுக்கு என்ன குரூப்புன்னு கேட்டிருக்காங்க. அவர் பார்சல் வண்டி ஓட்டறவர், சட்டைப் பையிலேருந்து லைசென்ஸை எடுத்து நீட்டிட்டார். ஓ நெகட்டிவ். முத்திரை குத்தின காகிதத்தை யாரு சந்தேகப்படுவா? டாக்டரம்மா சிரிச்சாங்களாம். நெகட்டிவும் நெகட்டிவுமா தேடிப் பிடிச்சுக் கட்டிக்கிட்டீங்களா, அப்ப அந்த ஊசி வேண்டாம், குழந்தையைக் குத்தி ரத்தம் பார்க்கவும் வேண்டாம்னு.

என்ன ஊசின்னா, அம்மா நெகட்டிவ், அப்பா பாசிட்டிவ்னா பிள்ளை அப்பா ரத்தத்தைக் கொண்டு பிறக்கலாம். பிறக்கும்போது பிள்ளையோட ரத்தம் துளியூண்டு அம்மா உடம்புல கலந்துடும். அம்மா உடம்புக்கு அது தன் பிள்ளைன்னு தெரியாது, யாரோ திருடன் வந்துட்டான்னு கத்தியைத் தீட்டி வெச்சுக்கும். அதுக்குள்ள முதல் பிள்ளை வெளிய வந்துடுது, தப்பிச்சுடுது. தீட்டின கத்தி அடுத்த பிள்ளைக்குக் காத்துட்டிருக்கும். பிரசவம் ஆகி மூணு நாளுக்குள்ள ஒரு ஊசி போட்டா கத்தியே தீட்டாது. ஒரே ஒரு ஊசி சார்.

முதல் பையனுக்கு ஒண்ணும் இல்லை. கொழுகொழுன்னு வளர்ந்தான். ரெண்டு வருஷம் கழிச்சுப் பொண்ணு. காலைல பிறந்தா. சாயங்காலமே லேசா மஞ்சள். எல்லாக் குழந்தைக்கும் வரதுதான், காலை வெயில்ல காட்டுங்க, போயிடும்னா நர்ஸ். அவளைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, அவ பார்த்த கேஸ் ஷீட்லயும் நெகட்டிவ், நெகட்டிவ்னுதானே எழுதியிருக்கு. ரெண்டு நாள் ஜன்னல் ஓரமா வெயில்ல ஏந்திட்டு நின்னேன். தங்கத்துல வார்த்து எடுத்த மாதிரி மின்னினா. அடடா, நம்ம வீட்ல இப்படி ஒரு நிறமான்னு பூரிச்சுப் போனேன் சார். பூரிச்சுப் போனேன்.

ஆமா, நான்தான் ஏந்திட்டு நின்னேன். பெத்தவளைத் தெரிஞ்ச பொண்ணுன்னு சொன்னேன்ல. என் வயித்துல பிறந்தவ எனக்குத் தெரியாம இருப்பாளா?

மூணாவது நாள் பால் குடிக்கலை. உடம்பை வில்லாட்டம் பின்னால வளைச்சா. ஒரு அழுகை அழுதா, குழந்தை அழற அழுகையே இல்லை அது, கண்ணாடில ஆணியால கீறின மாதிரி. தூக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்க ஒரு சின்ன டாக்டர், குழந்தையைப் பார்த்ததுமே முகம் மாறிடுச்சு. ரத்தத்தை மொத்தமா மாத்தணும்னுட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்புள் வழியா ஒரு குழாய். ஒரு நர்ஸ் எண்ணுவா, ஒருத்தி எழுதுவா. அஞ்சு எடுத்தாச்சு, அஞ்சு குடுத்தாச்சு. அஞ்சு எடுத்தாச்சு, அஞ்சு குடுத்தாச்சு. நான் கண்ணாடில நெத்தியை வெச்சுட்டு நிக்கறேன். கூடவே எண்ணிட்டிருந்தேன், வேற என்ன தெரியும் எனக்கு. உடம்புல ஓடின ரத்தமெல்லாம் மாறிடுச்சு சார். மூளைக்குள்ள ஏறின மஞ்சள் மட்டும் ஏறினதுதான், அதை இறக்க எங்ககிட்ட வழி இல்லைன்னு அந்த டாக்டர் தரையைப் பார்த்துட்டே சொன்னார்.

நடுவுல ஒரு சம்மத ஃபாரம் கொண்டு வந்து குடுத்தாங்க. பாட்டி, நீங்க படிச்சவங்கதானே, நிரப்புங்கன்னு. அதுலயும் ஒரு கட்டம், அப்பா ரத்தப் பிரிவுன்னு. ஒரு நாளைக்கு நாப்பது ஃபாரம் எழுதற கை சார் இது. அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியா விட்டுக் குடுத்தேன்.

அப்புறம்தான் அப்பா ரத்தத்தை எடுத்துப் பார்த்தாங்க. பாசிட்டிவ். டாக்டர் லைசென்ஸைக் கைல வெச்சுட்டு, இதுல நெகட்டிவ்னு எழுதினது யாருன்னு ஒரு கத்து கத்தினார். வராண்டாவே திரும்பிப் பார்த்துச்சு. நான் நாலடி தள்ளி நிக்கறேன். வாயைத் திறந்தேன்னுதான் நினைக்கிறேன். அதுக்குள்ள மாப்பிள்ளை சொல்லிட்டார், நானாத்தான் அப்படிச் சொல்லி எழுத வெச்சேன் டாக்டர், என் ஞாபகப் பிசகுன்னு. என் பக்கம் திரும்பவே இல்லை. அன்னைக்கும் இல்லை, அதுக்கப்புறம் ஒரு நாளும் அதைப் பத்திப் பேசினதில்லை. அத்தை சாப்பிட்டீங்களா, அத்தை மாத்திரை போட்டீங்களா, இதுதான்.

என் பொண்ணு? அவ இன்னும் தன்னைத்தான் திட்டிக்கறா. என் ரத்தம்தானேம்மா என் பிள்ளையைத் தின்னுச்சுன்னு கேப்பா. நான் துணி மடிச்சுட்டே இருப்பேன். இல்லைடின்னு சொல்லணும்னா மிச்சத்தையும் சொல்லணுமே.

என்ன சார், யார் எழுதினதுன்னா? இதே மேஜைதான். அவர் அப்ப எனக்கு மாப்பிள்ளையும் இல்லை ஒண்ணும் இல்லை, மழைக்கு என் குடைக்குள்ள ஒதுங்கின ஒரு ஆள். ப்ளட் குரூப் தெரியாதும்மா, ஏதாவது போட்டுருங்கன்னு சிரிச்சார். அன்னைக்கு அவர் பத்தாவது ஆள்.

இந்தாங்க உங்க ஃபாரம். அந்தத் தெருமுனைல பச்சைப் பலகை தெரியுதா, அது லேப்தான். விரல்ல ஒரு குத்து, பத்து நிமிஷம். நம்பர் வந்தா நான் சொல்லி வெக்கறேன். பக்கத்து மேஜைக்குப் போறதுன்னாலும் போங்க, நான் தடுக்க முடியுமா. அவன் ஓ பாசிட்டிவ்னு போட்டுக் குடுத்துடுவான்.

பேத்தியா? இருக்கா சார். பத்தொன்பது வயசு. காது கேக்காது, கழுத்து நிக்காது. தினம் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க அப்பாதான் தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டி விடறார்.