நல்ல தண்ணீரில் செத்த நட்சத்திர மீன்

வெண்ணிலா, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், நாளை இரங்கல் கூட்டம் தொடங்கும்வரை என் இந்த உரையை யாருக்கும் காட்டாதே. அப்பா என்னை மேடையேற விடாவிட்டால் நீயே படித்துவிடு.

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, ரிக் தொழிலாளர் சங்கப் பெரியவர்களே, வண்டியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களே, தோழிகளே, வணக்கம்.

என் பெரியப்பா, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியின் ஓட்டுநர் ஜீவானந்தம் அவர்கள் இன்று இல்லை. போர் போடப் போன ஊர்களிலிருந்து மற்றவர்கள் அல்வா வாங்கி வந்தார்கள். அவர் என்ன கொண்டுவந்தார்? நம் ஊருக்குக் கடலையே கொண்டுவந்தார்!

முதல் முறை தூத்துக்குடிப் பக்கம், வலையில் சிக்கிய நட்சத்திர மீனை உயிரோடு கேட்டு வாங்கிக் கடல் நீர் வாளியில் போட்டு வந்தார். வழியில் நீர் தளும்பிக் குறைந்தது. அன்று அவர்கள் போட்ட போரில் தண்ணீர் இளநீராய் இனித்ததாம். குடிக்கக் கேனில் பிடித்து வந்த அதையே வாளி நிறைய ஊற்றினார். திருச்செங்கோடு வந்து பார்த்தால் மீன் துவண்டு கிடந்தது.

"ஏனுங்க டீச்சர், நல்ல தண்ணிதானுங்க ஊத்துனேன்!" என்று அகல்யா டீச்சரிடம் ஓடினார்.

"அதுதாங்க தப்பு. இதுக்கு ரத்தமே கிடையாது. முதுகுல சல்லடை மாதிரி இருக்குது பாருங்க, அது வழியா கடல் தண்ணி உள்ள போயி அஞ்சு கைக்கும் குழாய்ல ஓடும். அந்தத் தண்ணி தள்ளித்தான் அடியில இருக்கற குட்டிக் காலெல்லாம் நீளும்."

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அட, நம்ம ரிக்கு ஐட்ராலிக்கு! ஆயில் ஊத்தற எடத்துல பச்சத் தண்ணிய ஊத்திப்போட்டனே!"

அதன்பின் உயிருள்ள எதையும் அவர் தொடவில்லை. செத்து ஒதுங்கிய கடல் முள்ளெலி, ஜெல்லி மீன் எனும் சொறிமீன் எல்லாம் கெடாமலிருக்க மருந்து ஊற்றிய பாட்டிலில் வந்தன. தெருமுனையில் ஹாரன் கேட்டால் ஓடுவோமே, நினைவிருக்கிறதா? ஹெட்லைட் முன்னால் பாட்டிலைப் பிடிப்பார். சொறிமீன் விளக்குப் போல் ஒளிரும்.

"முதுகெலும்பு இல்ல, மூளையும் இல்ல. அதுபாட்டுக்குக் கடலையே சுத்துது. எல்லாம் இருந்தும் உங்களுக்குப் படிக்க என்ன சாமி கேடு?" என்பார்.

இனி அந்தக் குரலை எங்கே கேட்போம்!

"செத்ததையெல்லாம் ஊட்டுல வெச்சிருந்துதான் இப்பிடி ஆச்சு" என்கிறார்கள் வீட்டில். அவர் துணிகளோடு அந்தப் பாட்டில்களையும் பள்ளிபாளையத்தில் ஆற்றில் விட ஏற்பாடு. அவை ஆற்றுக்குப் போகாது. நான் ஒளித்து வைத்திருக்கிறேன். தலைமையாசிரியை அவர்களே, ஆய்வகத்தில் ஓர் அலமாரி தாருங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றையும் காட்டி, இதன் வாய் எங்கே, கால் எங்கே என்று நானே சொல்வேன். கடல் உயிர்களைப் பற்றித்தான் படிப்பேன். இது பெரியப்பாவின் மேல் ஆணை...

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "பிரீத்தி, அண்ணனோட பாட்டிலுகள எங்க சாமி வெச்ச?" என்கிறார். அழுகிறார், வெண்ணிலா. நான் என்ன செய்ய...